சுரூபம் இல்லாத கெபி

இன்பசேகரன் சார் வில்லாபுரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சென்னைக்குப் போய் ஓவியம் படித்துவிட்டு வந்தவர், வருடக்கணக்காகக் கரும்பலகையில் மாம்பழமும் பூந்தொட்டியும் வரைந்துகொண்டிருந்தார். வீட்டில் அவர் வரைந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. ஜன்னல்களை அட்டையால் அடைத்து, அதில் சின்னதாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, சுவரில் விழும் வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி தெரசா டீச்சர் துணி காயப்போட வரும்போது என் அம்மாவிடம், "பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுச் சமைக்கிறவ ஊர்லயே நான் ஒருத்திதான்க்கா" என்பார்.

நான் எழுபத்தெட்டில் பி.ஏ. முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். வேலை மட்டும் வரவில்லை. பகலில் சும்மா இருக்கும் ஆள் என்பதால் சார் என்னைக் கூப்பிடுவார், போவேன். அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லப் படித்தவனுக்கு வாய் வருவதில்லை.

அடுத்த வருடம் எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து சின்னதாக ஒரு மாதா கோயில் கட்டின. பீடத்துக்குப் பின்னால் பெரிய படம் ஒன்று வரைந்து தரும்படி பங்குச்சாமியார் சாரைக் கேட்டார்.

"படம் வேணாம் சாமி. அந்தச் சுவத்தை மட்டும் எங்கிட்ட விட்ருங்க" என்றார் சார். சாமியார் நல்ல மனிதர். சரி என்றுவிட்டார்.

பீடத்துச் சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டு, இன்னொரு சுவர் எழும்பியது. முன்சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திறப்பு. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மேலே கூரை கிடையாது. வானத்து வெளிச்சம் அந்த இடுக்கில் இறங்கிப் பின்சுவரில் படும். வேறு ஒன்றும் இல்லை. அதுதான் அவர் செய்ய விரும்பிய ஓவியம்.

வெள்ளையடிக்க வந்த முத்துக்கருப்பன் நீலப் பொட்டலத்தைப் பிரித்தபோது சார் தடுத்தார்.

"நீலம் போடாம அடிச்சா சுவரு மஞ்சக்காமாலை கண்ட மாதிரில்ல சார் இருக்கும்?"

"சுவத்துக்குன்னு ஒரு கலர் இருக்கக் கூடாதுண்ணே. வானம் குடுக்குறத அது வாங்கிக்கணும்."

"வானம் மழையவும் குடுக்குமே சார்" என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார் முத்துக்கருப்பன்.

கோயிலைத் திறந்துவைக்கும் மந்திரிப்புக்கு முந்தைய நாள் பொழுது சாயும் நேரத்தில் சார் என்னை உள்ளே கூட்டிப்போனார். உள்ளே மங்கல். அந்தத் திறப்பில் மட்டும் வெளிர்சிவப்பில் ஒரு துணி கட்டியிருந்ததுபோல் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு போய் ஊதா வந்தது. பிறகு நீலம், கையால் அள்ளலாம் போன்ற கெட்டியான நீலம். "தொட்டுப் பாரு தம்பி" என்றார். கையை நீட்டினேன். துணி இல்லை. முழங்கை வரை உள்ளே போய்விட்டது. ஏனோ சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு வாரவங்கள்ல நாலு பேருக்கு இப்பிடி நடந்தாப் போதும்" என்றார் சார். "இதுக்காகத்தான் சென்னைக்குப் போயிப் படிச்சேன்னு எனக்கே அப்பத்தான் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் கூட்டம் வந்தது. முதலில் பீடத்தருகே போனவர், தெரு முனையில் இட்லி விற்கும் சூசையம்மாள். கையில் ஒரு மல்லிகை மாலை. எந்தக் கெபியைக் கண்டாலும் அந்த மாடத்துக்குள் நிற்கும் சுரூபச் சிலையைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்வது அவர் வழக்கம். இங்கும் கையை நீட்டினார். கை உள்ளே போனது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினார்.

"இங்க ஒண்ணுமில்லையே சாமி. சுரூபம் இன்னும் வரலையா?"

"கெபி ஜோராத்தான் இருக்கு. மாதாவைத்தான் காணோம்" என்றது பின்னால் ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோகச் சூசையம்மாளுக்கு மனம் இல்லை. திறப்பின் விளிம்பில் வைத்தார். அடுத்து வந்தவர்களும் அங்கேயே வைத்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த மஞ்சளில் நீலம் கரைந்துபோனது. சார் வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரூபத்தைத் தன் செலவில் வைப்பதாகச் சொன்னார் காளவாசலில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆரோக்கியநாதன்.

"அது கெபி இல்லைங்க" என்றார் சார்.

"பெறகு என்ன சார் அது?"

"வெளிச்சம்" என்றார் சார்.

"அதுக்கென்ன, டியூப்லைட்டும் நானே போட்டுர்றேன்."

மாதா சுரூபம் வந்தது. ஐப்பசி மழையில் நனைந்து அதன் அங்கிச் சாயம் ஒழுகியது. ஜனங்கள் கேட்கிறார்கள் என்று சாமியார் அந்த இடுக்கின் மேல் கல்நார் ஓடு போடச் சொன்னார். உள்ளே இருட்டானது. டியூப்லைட் வந்தது. "உபயம் ஆரோக்கியநாதன் குடும்பத்தார்" என்ற சிவப்பு எழுத்து அதன் பாதி வெளிச்சத்தை மறைத்தது. முத்துக்கருப்பன் சொன்னபடியே பின்சுவர் அந்த வெளிச்சத்தில் மஞ்சளடித்தது. மாதாவுக்குப் பின்னால் மொட்டையாக இருக்கிறது, அங்கே வானம் வரைந்து கொடுங்கள் என்று சாரையே கேட்டார்கள்.

அவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்காகச் சாமியாரிடம் என்னென்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர், "வரையுறேன்" என்றுவிட்டார்.

"ஏன் சார்?"

"வேற ஆளு வந்தா ஆயில் பெயிண்ட்ட அடிச்சிருவான் தம்பி. நான்னா சுண்ணாம்புலயே முடிச்சிருவேன். என்னைக்காவது கூரை ஓட்டைப் பிரிச்சாங்கன்னா மேல ஒரு வெள்ளை அடிச்சாப் போதும்."

முத்துக்கருப்பன் மடித்துக் கொடுத்த அதே நீலப் பொட்டலத்தைத்தான் கரைத்தார். டியூப்லைட்டுக்கு அடியில் நின்று மேகமும் நட்சத்திரமும் வரைந்தார். திருவிழா அன்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "சாருக்குள்ள இம்புட்டுத் திறமை இருக்கா?" என்று ஆரோக்கியநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சூசையம்மாள் சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்துவிட்டு, "இப்பத்தான்யா சாமி இருக்க எடமாத் தெரியுது" என்றார்.

"சரிங்கம்மா" என்றார் சார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கோயிலில் கடைசி வரிசையைத் தாண்டி முன்னால் வந்ததில்லை. கல்நார் ஓட்டையும் யாரும் பிரிக்கவில்லை. மந்திரிப்புக்கு முந்தைய மாலையில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். உண்மையில் பார்த்தேனா? அவர் பக்கத்தில் நின்றதால் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? யாராவது கேட்டால் துணி மாதிரி இருந்தது, துணி இல்லை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று கையை விட்டுத் துழாவிச் சூசையம்மாள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

வருடக் கடைசியில் ஒருநாள் தெரசா டீச்சர் கொடியில் துணி போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "ஜன்னல் அட்டையெல்லாம் அவரே கழட்டிட்டாருக்கா. வீடு பூரா ஒரே வெளிச்சமா இருக்கு. அவரு அதைப் பாக்குறதே இல்ல." கையிலிருந்த துணியை மறுபடியும் பிழிந்தார். "உள்ள போகவே பயமா இருக்குக்கா."