பெயர் சொல்லாத உதாரணம்

பிரசங்கத்தின் நடுவில் அந்த அம்மா எழுந்து நின்றார். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் இருந்தவர். வேதப்புத்தகத்தை மூடி, பாட்டுப் புத்தகத்தை அதன்மேல் வைத்து, குடையையும் எடுத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் நடுவழியால் நடந்து வெளியே போனார். வாசலில் அவர் செருப்பைத் தேடி மாட்டிய சத்தம் எனக்குப் பிரசங்க மேடைவரை கேட்டது. ஆண்கள் பக்கத்தில் அவருடைய கணவர், எங்கள் சபையின் செயலாளர், தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் என்ன செய்தேன்? பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். நாலு வருஷமாகிறது, இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கல்முனையில் எங்களுடையது சின்னச் சபை. முப்பத்திரண்டு குடும்பங்கள். செயலாளர் பசாரில் புடவைக்கடை வைத்திருந்தார். ஆண்கள் உடுக்கும் கைத்தறிச் சாரம் எடுக்கப் புதன்கிழமை தோறும் மருதமுனைக்குப் போவார். அவருடைய ஒரே மகள் மருதமுனையில் முஸ்லிம் நெசவுக்காரர் ஒருவரின் மகனை விரும்பி, அவர்களுடைய மார்க்கத்துக்கு மாறிக் கலியாணம் செய்துகொண்டாள். எனக்கு மகளே இல்லை என்று சபைக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் அவர். வீட்டில் அவளுடைய பெயரை எடுக்கக் கூடாது என்றும் கட்டளை. அந்த அம்மா இரண்டு வருஷம் அந்தக் கட்டளைக்குள் இருந்தார். ஒரு நாள் பின்னேரம் செயலாளர் ஆலயத்தின் பக்க அறையில் என் முன்னால் இருந்து அழுதார். புதன்கிழமைகளில் அவர் போவது சாரத்துக்கு மட்டுமல்ல. மகளுடைய வீட்டுக்கும் போகிறார். குழந்தை பிறந்து நாலு மாதம். மருமகன் மாமா மாமா என்று தாங்குகிறான். மனைவிக்கு மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்ன சொல்லை விழுங்குவது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. இதையெல்லாம் அவர் என்னை நம்பிச் சொன்னார். (இப்போது எழுதுவதற்கு அவர்கள் இருவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். சில விவரங்களை அவர்கள் சொன்னபடி மாற்றியிருக்கிறேன்.)

இந்தப் பகுதியின் ஆறு சின்னச் சபைகளுக்கும் அவற்றின் போதகர்களுக்கும் பொறுப்பானவரை நாங்கள் முகாமைக் குரு என்போம். அப்போது இருந்தவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர். பதவிக்காக நான் அவரை ஐயா என்பேன், வயதுக்காக அவர் என்னை அண்ணன் என்பார். ஆறு போதகர்களில் யாருக்கு எப்போது மனம் விட்டுப்போகிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். மழையிலும் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார். புத்தி சொல்லமாட்டார், கூடவே இருப்பார். அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கதையின் முதற்பிழை அவருடையது. செயலாளர் என்னிடம் அழுத மாதம் அவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். போதகர் கடுமையானவர், வீடு சந்திக்க வருவதில்லை, வேறு ஒருவரை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. "திருத்திக்கொள்ளத்தான் காட்டுறன் அண்ணன்" என்றார். கீழே பெயரை மடித்து மறைத்திருந்தார். இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்தைச் செயலாளர் எழுதும் கூட்டக்குறிப்பில் மாதாமாதம் பார்க்கிறவன் நான்.

பக்க அறையில் என் முன்னால் அழுத மனுஷன் என் முதுகுக்குப் பின்னால் இப்படி எழுதியிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கிழமை பொறுத்தேன். மூன்றாம் கிழமை 'இரண்டு முகம்' என்று பிரசங்கத்துக்குத் தலைப்பு வைத்தேன். "எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன்" என்று தொடங்கினேன். மகளைத் தலைமுழுகியதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, கிழமைக்கொரு நாள் களவாகப் போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார் என்றேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, நாளும் சொல்லவில்லை. பெரிய நகரத்தில் ஆயிரம் பேர் இருக்கிற சபையில் அது ஒரு உதாரணமாகப் போயிருக்கும். முப்பத்திரண்டு குடும்பத்துக்குள் அப்படி ஒரு உதாரணம் கிடையாது. நான் வசனத்தை முடிப்பதற்குள் எல்லாத் தலையும் திரும்பிவிட்டது. அந்த அம்மாவின் தலை மட்டும் திரும்பவில்லை. அவர் எழுந்துவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு முகாமைக் குரு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். "பின்னால ஏறுங்க அண்ணன்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வழியில் இடமாற்றம் கேட்டேன். இன்றைக்கே கடிதம் தருகிறேன், என்னை எங்கேயாவது அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கயும் ஆக்கள் உங்களிட்ட வந்து அழுவாங்க. மறுகா என்ன செய்வீங்க?" எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது.

செயலாளர் கடை திறக்கவில்லை. முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. அம்மா நேற்றிலிருந்து கதவைத் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இருங்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்கள் நின்றோம். நான் வாயைத் திறக்குமுன் முகாமைக் குரு பேசினார்.

"ஐயா, நீங்க என்னை நம்பி எழுதின கடிதத்த நான் இவருக்குக் காட்டிட்டன். பேர மறைச்சாப் போதும் எண்டு நினைச்சன். முதல் பிழை என்ட. அதச் சொல்லத்தான் வந்தன்."

அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது செயலாளருக்கு அதுவரை தெரியாது. முகாமைக் குரு சொல்லாமல் விட்டிருந்தால் பழி முழுக்க என்னோடு போயிருக்கும். அவருக்கு நல்ல பெயரே மிஞ்சியிருக்கும். அதைக் கேட்டபின் எனக்குச் சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. "நீங்க சொன்னத நான் வெளியில விட்டிட்டன். கோவத்தில, வேணுமெண்டேதான் செய்தன்" என்றேன். செயலாளர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான் சபைய விட்டுப் போகமாட்டன். அது என்ட சபை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஐயா, இனி உங்களிட்ட ஒண்டும் கதைக்கமாட்டன்."

அப்போது அறைக்கதவு திறந்தது. அம்மா நேற்று உடுத்த சேலையோடு வந்து நின்றார். கணவர் பக்கம் பார்க்கவேயில்லை. நேரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு இவர் எல்லாம் சொல்லியிருப்பார்தானே. ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா?"

எனக்குத் தெரியும். என்ன பெயர் வைத்தார்கள் என்பதும் தெரியும். பெற்ற தாய், தன் மகளுக்குப் பிறந்தது என்ன என்று ஊராரில் ஒருவனிடம் கேட்கிறாள். அந்த ஊரான் நான். பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் அவருடைய தவிப்பு அடங்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை? முகாமைக் குருவைப் பார்த்தேன். அவர் உதவவில்லை, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் செயலாளரைப் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"பொம்புளப் புள்ள" என்றார் செயலாளர். "உன்ட அம்மாட பேருந்தான் அவளுக்கு வீட்டுப் பேர்."

அம்மா அவரை அடித்தார். தோளில், கையில், நெஞ்சில். அழுதுகொண்டே அடித்தார். அவர் தடுக்கவில்லை. முகாமைக் குரு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் புதன்கிழமை இருவரும் சேர்ந்து மருதமுனைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனம் லேசாகி, முகாமைக் குருவுக்குத் தொலைபேசி எடுத்து, "எல்லாம் நன்மைக்குத்தான் முடிஞ்சிரிக்கி ஐயா" என்றேன். அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "அத அவங்க சொல்லட்டும் அண்ணன். நீங்களும் நானும் சொல்லப்படா." அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவர் எங்கள் ஆலயத்துக்கு வந்து கடைசி வாங்கில் இருந்தார். எனக்குப் பதிலாக அவர் பிரசங்கிக்கவேண்டும் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். நான் மேடையில் ஏறும்போது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மூன்று பிரசங்கங்களையும் முடித்தேன்.

செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. கூட்டக்குறிப்பு எழுதினார், காணிக்கைத் தட்டைக் கொண்டுவந்தார், வாங்குகளை நேராக்கினார். என்னிடம் தோத்திரம் ஐயா என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. நான் இடமாற்றம் கேட்கவில்லை. முகாமைக் குரு வவுனியாப் பக்கம் மாறிப்போனார். குழந்தை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள்.

போன மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் செயலாளர் பக்க அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். எனக்கு முன்னால் இருந்து அரை மணித்தியாலம் கதைத்தார்.

பின்னேரம் வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஐயா, செயலாளர் என்னோட கதைச்சார்" என்றேன். "சந்தோசம் அண்ணன்" என்றார். என்ன கதைத்தார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.