அழித்த ஏழு பதிவுகள்

கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் ஓர் அக்கா குடியிருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். ஜவுளிக்கடையில் முப்பது வருடம் சேலை எடுத்துக் காட்டியவர். சர்க்கரை நோயில் பார்வை மங்கி, வீட்டோடு இருந்துவிட்டார். துணைக்கு ஒரு பட்டன் போன், அதற்குள் நாலு ஜிபி மெமரி கார்டு. காலையில் சமைக்கும்போது பாட்டுப் போடுவார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போல அது என் ஜன்னலுக்கு வந்து சேரும்.

எனக்கு அப்போது ஒரு கிறுக்கு இருந்தது. ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரி வேலைக்குப் பஸ்ஸில்தான் போய்வருவேன். வழியில் டவர் விட்டுவிட்டு வரும் என்பதால் பாட்டையெல்லாம் போனிலேயே ஏற்றி வைத்திருப்பேன். அதுவும் தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில்தான். ஒரு பாட்டே முப்பது எம்பி இடத்தைத் தின்னும். எம்பி3 கேட்பவர்களைப் பார்த்தால் பரிதாபப்படுவேன். அதை அவர்களிடம் சொல்லவும் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே மாடிக்குப் போனேன்.

"அக்கா, அந்தக் கார்டக் குடுங்க. நல்ல குவாலிட்டியில மாத்தித் தாரேன்."

"இதே நல்லாத்தான் இருக்கு தம்பி."

"நல்லதக் கேட்டுப் பழகல. அதான் அப்படித் தெரியுது."

கொடுத்துவிட்டார்.

கார்டைத் திறந்தால் ஒரே குழப்பம். பெயர் இல்லாமல் வெறும் எண்கள், ஒரே பாட்டு மூன்று இடங்களில். கடைசியில் ஏழு சின்னக் கோப்புகள், பழைய போன்களில் குரல் பதிவாகும் ஏஎம்ஆர் வடிவத்தில். ஒன்றைப் போட்டேன். இரைச்சல், பாத்திரச் சத்தம், நடுவே ஒரு பெண் எனக்குப் புரியாத மொழியில் ஏதோ இழுத்துப் பாடினாள். பத்து வினாடிகூடக் கேட்கவில்லை. கார்டை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் அழித்தேன். அவர் போனில் ஃப்ளாக் பாடவில்லை. அதனால் என்னிடமிருந்த பாட்டுகளைப் பெரிய எம்பி3களாக மாற்றி, படவாரியாக அடுக்கினேன். இடம் போதாமல் அவருடைய பாட்டுகளில் பாதியை விட்டுவிட்டேன்.

"எம்புட்டுத் தெளிவா இருக்கு" என்று அவர் சொன்னதை அந்த வாரம் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகு மாடியில் பாட்டு கேட்கவில்லை, ரேடியோச் செய்திதான் கேட்டது. ஏன் என்று விசாரிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

"கண்ணு தெரியாதுல்ல தம்பி. எத்தன தடவ அமுக்குனா எந்தப் பாட்டுன்னு மனசுல வச்சிருந்தேன். பிடிச்ச பாட்டத் தேடி ரொம்ப அமுக்க வேணாம்னு மூணு எடத்துல போடச் சொல்லிருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "கடைசியில எங்கக்கா பாடுன பஜனை ஏழு இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன். காளவாசலில் ஒரு செல்போன் கடைக்காரரிடம் கார்டைக் கொடுத்து மீட்கப் பார்த்தேன்.

"அதுக்கு மேலயே வேற பாட்ட ஏத்திட்டீங்களே அண்ணே. வராது" என்றார்.

இரண்டு சாயங்காலம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, நான் கேலி செய்த அதே சின்ன எம்பி3களை இணையத்திலிருந்து இறக்கிப் பழைய வரிசைப்படி ஏற்றினேன். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை ஒன்று பிசகாமல் சொன்னார். அந்த ஏழு பஜனைகளுக்கு மட்டும் வேறு எங்கும் நகல் இல்லை.

"அவுகளத் திரும்பப் பாடச் சொல்லிப் பதிஞ்சிரலாமா அக்கா?"

"தொண்டையில ஆபரேஷன் ஆயிருச்சு தம்பி. பேச்சே காத்தாத்தான் வருது."

தை மாதம், பஜனை பாடிய அந்தப் பெரியக்கா பரமக்குடியிலிருந்து வந்திருந்தார். மாடிக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். பெரியக்கா என் பக்கம் குனிந்து, மூச்சும் சொல்லுமாகக் கேட்டார்.

"கார்டு தானாக் கெட்டுப்போச்சுன்னு இவ சொன்னா. அப்படிக் கெடுமா தம்பி?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் டம்ளரை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"சில சமயம் கெட்டுரும்க்கா" என்றேன்.

"ஆறிரப் போகுது, குடிங்க தம்பி" என்றார் அக்கா.

குடித்துவிட்டு இறங்கி வந்தேன். அடுத்த வருடம் அவர்கள் வீடு மாறிப் போகும்வரை, அந்தப் படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். அவருக்குத்தான் கண் தெரியாதே என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வராது.