இலையில் ஒரு சின்ன வட்டம்

ஆழ்வார்குறிச்சியில் ஒரு மறுவீட்டு விருந்தில் அந்தப் பெரியவர் எனக்குப் பக்கத்து இலை. சட்டைக்கு மேல் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மறுவீடு என்றால் எங்கள் பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வைத்த சொதிக் குழம்புதான். எல்லோரும் இலை கொள்ளாமல் ஊற்றிச் சாப்பிட்டோம். அவரோ நடு இலையில் உள்ளங்கையளவு சோறு வாங்கி, அது பரவாமல் விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

“அண்ணாச்சிக்கு சுகரா?” என்று கேட்டேன்.

“எனக்கில்ல வே, மவனுக்கு. சின்னத் தட்டுல சாப்பிடச் சொல்லி டாக்டர் சொன்னாவ. வாங்குனோம். ரெண்டே நாள்ல பத்தலைன்னுட்டான். வாங்குன தட்டு சும்மா கெடக்க வேண்டாம்னு இப்ப எனக்கு அதுல வைக்காவ. அப்படியே பழகிட்டு.”

“இன்னைக்கு இலைதான, நல்லா சாப்பிடுங்க” என்று சொல்லி, சோறு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன்.

எதிர் வரிசையில், அவர் ஜாடையில் தடித்த ஒருவர் மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “அப்பாவுக்கு அவ்வளவுதான் செல்லும்” என்றார்.

பெரியவரும் ஆமென்று தலையாட்டினார். மகன் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தலையாட்டலைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.