கும்பிட்டதே சாட்சியாம்

பதுளை நீதவான் நீதிமன்றத்துக்கு வெளியே காலையில் வந்து நின்று பாருங்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட சிலர், பஸ்ஸிலிருந்து இறங்கும் தேயிலைத் தோட்டத்துச் சனத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். “என்ன கேஸ்? ஆ, அதுவா. ஒத்துக்குங்க. தண்டத்தக் கட்டிட்டு மத்தியான பஸ்ஸுக்கே போயிரலாம்.” என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கிடையாது. இறைச்சிக் கடைக்காரனாவது ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பான்.

நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி அல்ல. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். சட்டக் கல்லூரிக்குள் போன கடைசி ஆளாக இருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொன்னால் யாருக்கும் காது கேட்பதில்லை.

ஆனால் எங்கள் சனத்தையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. ஒத்துக்கொள்வதில் அவர்களுக்கு இருக்கிற வேகம் வேறெதிலும் இல்லை. வழக்கென்று வந்தால் ஒரு நாள் வேலை போகும், அடுத்த தவணைக்கு இன்னொரு நாள் போகும். அதற்குப் பயந்து ஆயுள் முழுக்கக் குற்றவாளி என்ற பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சட்டம் ஒரு மனிதருக்குக் கொடுத்திருக்கிற முதலாவது உரிமை, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்வது. அதற்குச் செலவே இல்லை. அதைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள்.

என் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணும் அப்படித்தான் வந்தாள். வந்தாள் என்று சொல்வதுகூடப் பிழை. தோட்டத்துச் சங்கத் தலைவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“மிஸ், நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்ல. சும்மா பக்கத்துல நின்னா போதும். ஒத்துக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு.”

“யாரு முடிவு பண்ணினது?”

“நாங்கதான். கமிட்டி.”

“கூண்டுல கமிட்டியா ஏறப் போகுது?”

அவள் சிரிப்பை முந்தானையால் மறைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

விஷயம் இதுதான். அவள் கொழுந்து பறிப்பவள். ஒரு நாள் காலையில் மகனுக்குக் காய்ச்சல் என்று பெரட்டுக்குப் பிந்தி வந்திருக்கிறாள். பெரட்டு என்றால், வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்து அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே நின்ற வெளிக்கள உத்தியோகத்தர், தோட்டத்தில் எல்லோரும் ‘ஐயா’ என்று கூப்பிடுகிறவர், “ஒனக்கு இன்னைக்கு வேல இல்ல, போ” என்று திருப்பி அனுப்பினார். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கு வேலை கொடுத்தார். “அவங்களுக்கு மட்டும் எப்படிங்க?” என்று அவள் கேட்டிருக்கிறாள். கேட்டதுதான் குற்றம். தேயிலைச் செடியின் மேல் மட்டம் பார்ப்பதற்கு வைக்கிற மட்டக்கம்பு அவள் கையில் இருந்தது. அதை ஓங்கி அடிக்க வந்தாள் என்று ஐயா பொலிசில் போய்ச் சொன்னார். மத்தியஸ்த சபையிலும் அவர் இணங்கவில்லை. மிரட்டி அடிக்க வந்ததாக வழக்கு.

அவள் பள்ளியில் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள். சிறுபிள்ளைப் பராமரிப்புக்கு ஒரு பயிற்சியும் முடித்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், அவளைப் பொறுப்பாளராகத் தெரிவு செய்திருந்தார்கள். வழக்கு முடியும் வரைக்கும் அந்த வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். குற்றவாளி என்று தீர்ந்தால் அவ்வளவுதான். கூடை சுமக்கிற முதுகோடு சாக வேண்டியதுதான்.

“ஒத்துக்கிட்டா பிள்ளைக் காம்பரா வேலை இல்லைன்னு தெரியுமா?” என்று அவளிடம் கேட்டேன்.

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் சொன்னார்: “தண்டம் கட்டிட்டா கேஸே இல்லையே மிஸ்.”

இந்த மனிதர் பல வருடங்களாக மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பவர். தண்டம் கட்டினால் வழக்குத்தான் முடியும், குற்றவாளி என்ற பெயர் அங்கேயேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தோட்ட ஆபீசில் எப்படியோ அப்படியே நீதிமன்றமும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் தலைவராக இருப்பது குற்றம்.

“அப்பன்னா நான் ஒத்துக்க மாட்டேங்க” என்றாள் அவள், கதவடியில் நின்றபடியே.

பொலிசில் அவளிடம் எடுத்த வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். “கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சேன்” என்றாள். தன் மொழியில் சொல்லவும், எழுதியதை வாசித்துக் கேட்கவும், பிழையென்றால் திருத்தச் சொல்லவும் உரிமை இருக்கிறது. இதைச் சொன்னபோது தலைவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஏதோ நான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.

இந்த வழக்கை நான் நடத்தப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, சட்டத்தரணிகள் அறையில் மூத்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையிலேயே தலை நரைத்தவர். “பிள்ளை, உந்தச் சனத்துக்கு விளக்கம் வச்சு நடத்தினா நீர் எப்ப முன்னேறுறது? அதுகளே ஒத்துக்கொள்ளுற வழக்கை நீர் ஏன் இழுக்கிறீர்?”

“உந்தச் சனத்துல நானும் ஒருத்திங்க சேர்” என்றேன்.

“அதுக்கில்லைப் பிள்ளை…” என்று இழுத்தார். எதற்கு என்று கடைசி வரை சொல்லவில்லை.

முதல் தவணையன்று அவளுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன். குற்றச்சாட்டை வாசிப்பார்கள். குற்றவாளியா, சுற்றவாளியா, அதாவது குற்றமற்றவளா என்று கேட்பார்கள். நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும், வேறொன்றும் சொல்லக் கூடாது. தலையாட்டினாள். கூண்டில் ஏறினாள். நீதவானைப் பார்த்ததும் இரண்டு கையும் தானாகக் கூடிவிட்டன.

“மன்னிச்சிக்கங்க சாமி.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவள், குற்றத்தை ஒத்துக்கொள்வதாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த வழக்கின் கோவையைப் பார்த்தார். நான் எழுந்தேன். எதிரி சொன்னது வேறு, மொழிபெயர்த்தது வேறு, மறுபடி கேட்க வேண்டும் என்றேன். நீதவான் இளவயதுக்காரர், பொறுமையானவர். அவளிடமே திரும்பக் கேட்கச் சொன்னார். “நான் செய்யலீங்க” என்றாள். விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, திகதி போட்டார்கள்.

வெளியே வந்தபோது மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சிடுசிடுத்தார். “அவ மன்னிப்புக் கேட்டாதானே மிஸ்?”

“கேட்டா. கேட்டத அப்படியே சொல்லுங்க. தீர்ப்ப நீதவான் சொல்லுவாரு.”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் மன்னிப்பு என்பது வணக்கம் மாதிரி. ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்று எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். என்னைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக அரை நாள் லீவு கேட்ட என் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். பிள்ளையைப் படிக்க வைத்ததற்கு மன்னிப்பு. அன்றைக்கு ஜன்னலுக்கு உள்ளே இருந்தவனைவிட, குனிந்து நின்ற முதுகுதான் எனக்கு அதிக வெறுப்பைத் தந்தது. இன்றைக்கும் அந்த வெறுப்பு தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

விளக்கத்தன்று ஐயா தேய்த்த காற்சட்டையோடு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சாட்சிக் கூண்டில் நன்றாகவே பேசினார். வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன்ட் கேட்டார்: “அதற்குப் பிறகு என்ன நடந்தது?”

“அடுத்த நாள் தலைவரோட ஆபீசுக்கு வந்து, தொர முன்னால என்கிட்ட மன்னிப்புக் கேட்டா. செய்யாதவ எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்?”

சார்ஜன்ட் வேலை முடிந்தது என்பது போல உட்கார்ந்தார். வழக்கே அந்த மன்னிப்பில்தான் நின்றது. பொலிசிடம் ஒத்துக்கொண்டது நீதிமன்றத்தில் செல்லாது. துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், ஒத்துக்கொண்டது செல்லும். தலைவர் அவளைக் கூட்டிப்போய்ச் செய்த சமாதானம், அவளுடைய கழுத்துக்குக் கயிறாக வந்திருந்தது. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து எனக்குத் தலையாட்டி உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் தமிழிலேயே கேட்டேன்.

“வேலையாட்கள் உங்களிடம் பேச வந்தால் எப்படிப் பேசுவார்கள்?”

“மரியாதையாத்தான்.”

“மரியாதை என்றால்?”

“மன்னிச்சிக்கங்க ஐயான்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க.”

“லீவு கேட்க வருகிறவர்?”

“அவங்களும்தான்.”

“சம்பளத்தில் பிழை இருக்கிறது என்று சொல்ல வருகிறவர்?”

“அப்படிச் சொல்லாம பேசுனா நான் காதே குடுக்க மாட்டேன்.” நிமிர்ந்து நின்று, மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

“அவர்கள் எல்லோரும் உங்களை அடிக்க வந்தவர்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயாவுக்கு அப்போதும் புரியவில்லை. “அது எங்க தோட்டத்துப் பழக்கம் மிஸ். குத்தம் செஞ்சாலும் செய்யாட்டியும் கேக்கணும்.”

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டே நிமிர்ந்து ஐயாவை ஒருமுறை பார்த்தார். பெரட்டில் நின்ற அவ்வளவு பேரில் ஒருவரையாவது ஏன் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “அவங்கெல்லாம் அவ பக்கம்” என்றார். எல்லோருமா என்றேன். ஹெல்மெட்டை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

பிறகு அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். கம்பு கையில் இருந்ததா என்று சார்ஜன்ட் கேட்டார்.

“இருந்திச்சுங்க. கொழுந்தெடுக்கப் போறவ கையில கம்பு இல்லாம வேற என்னங்க இருக்கும்?”

அடுத்த தவணையில் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டதை ஒப்புதலாக எடுக்க முடியாது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. நீதி வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். தன்னைப் பெரிய ஆளாகக் காட்ட ஆசைப்பட்ட ஒரு மனிதர் வாயை மூடத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். அவர் கொஞ்சம் புத்திசாலியாக இருந்திருந்தால் அவள் குற்றவாளி. இப்படிப்பட்டவர்களின் முட்டாள்தனத்தை நம்பித்தான் ஏழைகள் தப்பிக்க வேண்டியிருக்கிறது என்பது சட்டத்துக்குப் பெருமையான செய்தி அல்ல.

வெளியே தலைவர் கைகொடுக்க ஓடி வந்தார். “நான் அப்பவே சொன்னேன்ல மிஸ், ஜெயிச்சுருவோம்னு!” நான் கையைக் கோவையிலிருந்து எடுக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, தீர்ப்பின் பிரதியை எங்கே எடுப்பது என்று கேட்டாள். தோட்டத்தில் அதைக் காட்டினால்தான் வேலையைக் கொடுப்பார்களாம்.

“அதுக்கெல்லாம் அவசரப்படாத தங்கச்சி” என்றார் தலைவர். “நான் தொரகிட்டப் பக்குவமாப் பேசி…”

“நீங்க பேச வேணாம் அண்ணே. நீங்க பேசித்தான் நான் இங்க வந்து நின்னேன்.”

சொல்லிவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த கிழமை வரச் சொன்னார்களாம். “பரவாயில்லைங்க, இங்கனயே இருக்கேன்” என்று வாசலில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாளாம். பின்னேரம் பிரதி கிடைத்தது.

அடுத்த மாதத்திலிருந்து அவள் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள். அதற்கு முன்னால்தான் மலைக்குப் போகிற பாதை. ஐயா இப்போது அந்தப் பாதையால் போவதில்லை, தொழிற்சாலைப் பக்கமாகச் சுற்றிப் போகிறார் என்று அவள் போனில் சொன்னாள். போகட்டும். நடப்பது உடம்புக்கு நல்லது.