சூலூரில் மூன்று மோடம் மாற்றிய கதை

இன்று பேக்கரியில் டீ வருவதற்குள் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறீர்கள். அரை நிமிடம் சுற்றினால் முகம் சுருங்கிவிடுகிறது. நான் சர்வீஸ் இன்ஜினியராகச் சுற்றிய தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு போன் லைன், அதில் ஒரு மோடம், அந்த ஒரு மோடத்தை நம்பி மூன்று கம்ப்யூட்டர். அது கீச்கீச்சென்று கத்தி முடித்து லைன் கிடைத்தால் கடையே நிமிர்ந்து உட்காரும்.

சூலூரில் அப்படி ஒரு பிரவுசிங் சென்டர். ஓனர் நாச்சிமுத்து அண்ணன், பம்ப் செட் வியாபாரி. கடையைப் பிளைவுட் வைத்துத் தடுத்து ஒரு பக்கம் மோட்டாரும் மறுபக்கம் இன்டர்நெட்டும் விற்றார். எங்கள் கோவைப் பக்கத்தில் ஒருவனுக்கு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்துவிட்டால், உலகத்திலுள்ள எல்லா மெஷினும் தெரிந்த மாதிரிதான். கிண்டலாகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், கிண்டலாகத்தான் சொல்கிறேன்.

"நெட்டு பொசுக்கு பொசுக்குன்னு நின்னு போகுதுங்க" என்று கம்ப்ளெயின்ட் வந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். அருமையாக ஓடியது.

"அண்ணா, எதையாவது மாத்தினீங்களா?"

"ஏனுங்க தம்பி, நான் கையே வெக்கலீங்க."

சர்வீஸ் வேலையில் இந்தப் பதில் வந்தால், அவர் எங்கே கை வைத்தார் என்று உடனே தேட வேண்டும். நான் தேடவில்லை. மோடத்தை மாற்றினேன், டீ குடித்தேன், கிளம்பிவிட்டேன். மறுநாளும் போன் வந்தது. மறுபடி காலையில் போனேன், மறுபடி அருமையாக ஓடியது, மறுபடி ஒரு மோடம் மாற்றினேன். டெலிபோன் லைன்மேன் வாசல் பெட்டி வரைக்கும் பார்த்துவிட்டு, மோடம்தான் கோளாறு என்றார். நான் லைன்தான் கோளாறு என்றேன். வாங்க போங்க என்று மரியாதையாகவே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் போனேன். லைன்மேனும் வந்திருந்தார். புத்தம் புது மோடம் மாட்டியும் என் கண்ணெதிரே லைன் அறுந்தது.

ஓரத்து நாற்காலியில் எஸ்தர் என்ற பெண் உட்கார்ந்திருந்தார். நர்சிங் முடித்தவர். காலையில் ஒரு கிளினிக்கில் வேலை, மதியத்துக்கு மேல் தினமும் இங்கே வந்து மெயில் பார்ப்பார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்து, வரச் சம்மதமா என்று கேட்டிருந்தது. அன்று ஐந்து மணிக்குள் பதில் போகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அப்போது மணி நாலேகால். வேறு சென்டர் தேடி பஸ் பிடித்துக் கோவை போய்ச் சேர்வதற்குள் ஐந்தரை ஆகிவிடும்.

"ஏனுங்க சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? பின்னாடி தொட்டியில தண்ணி விழற சத்தம் கேட்டா நெட்டு நின்னு போயிருதுங்க. தண்ணி நின்னா வந்துருதுங்க."

நாச்சிமுத்து அண்ணன் சிரித்தார். லைன்மேன் சிரித்தார். நான் அவர்கள் இருவரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

"தண்ணிக்கும் நெட்டுக்கும் என்னங்க அம்மணி சம்பந்தம்? நீங்க சித்த உக்காருங்க, நாங்க பாத்துப்போடறோம்" என்றார் அண்ணன்.

"நேத்தும் இதையேதானுங்க சொன்னேன்."

எங்கள் ஊரில் ஒருவர் பேச்சைக் கேட்காமலிருக்க அவரை அதட்ட வேண்டியதில்லை. மரியாதையாக உட்காரச் சொன்னால் போதும்.

நாங்கள் மூன்று பேரும் வாதத்தைத் தொடர்ந்தோம். அண்ணன் ஸ்டெபிலைசர் என்றார். லைன்மேன் வெயில் என்றார். நான் சாஃப்ட்வேர் என்றேன், எதுவும் புரியாதபோது நாங்கள் சொல்வது அதுதான். எஸ்தர் எழுந்து பின்பக்கம் போனதை யாரும் கவனிக்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார். தண்ணீர் நின்றது. வந்து உட்கார்ந்து அவரே மறுபடி டயல் செய்தார். லைன் கிடைத்தது, அறுந்து போகவில்லை.

"மெயில் போயிருச்சுங்க" என்றார். மணி நாலே முக்கால். எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். "அண்ணா, போன் ஒயர் எங்கே?"

"அது வந்துங்க... ரொம்பச் சன்னமா இருந்துச்சு. ரெண்டிஞ்சு பைப்புல வர்ற தண்ணி அரையிஞ்சுல வருமுங்களா? அதான், வேகமா வரட்டும்னு நல்ல மோட்டார் கேபிளா இழுத்துப்போட்டேன்."

இழுத்தது போர் மோட்டார் கேபிள் போகும் அதே பைப்புக்குள். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் மின் இரைச்சல் போன் லைனில் ஏறி மோடத்தைக் கவிழ்த்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும், மோட்டாரும் அப்போதுதான் ஓடும். காலையிலேயே போய் டீ குடித்து வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? போன் ஒயரைத் தனியாக வெளியே இழுத்தோம், கோளாறு தீர்ந்தது.

கோளாறு வரும் நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரோ, அவரை முதலில் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். நான் கற்ற பாடம் இதுதான், ஆனால் அன்றே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்.

அடுத்த வாரம் ஆபீசில் எல்லா இன்ஜினியர்களும் கூடியிருந்தபோது மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "மோட்டார் இரைச்சலைக் கண்டுபிடிச்சது இவர்தான், பிரமாதம்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

எஸ்தர் என்ற பெயரை நான் வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை.