டெல்சியின் மைலாஞ்சி

டெல்சிக்கு நாற்பத்தாறு வயது. கருங்கல் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். ஆபீஸ் என்றதும் மேசையும் நாற்காலியும் நினைக்க வேண்டாம். முந்திரித் தொழிற்சாலைக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். தரையில் குந்தியிருந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்ட வேண்டும். பருப்பு முழுசாக வர வேண்டும், கை போனால் போகட்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் இருக்கிறதே, அது சண்டாள எண்ணெய்! தோலைத் தின்றுவிடும். சாம்பல் பூசிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். டெல்சியின் உள்ளங்கை இரண்டும் கரிந்த சட்டியின் அடி மாதிரி இருக்கும்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால், கொட்டை உடைக்கும் பதினெட்டுப் பெண்களும் முந்தின நாளே கையில் மைலாஞ்சி, அதாவது மருதாணி, போட்டுக்கொள்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி! அந்தப் புத்தியைக் கொடுத்தவளே டெல்சிதான். தங்கச்சி கல்யாணத்துக்குக் கறுத்த கையோடு போக வெட்கப்பட்டு ஒருமுறை அரைத்துப் பூசினாள். கறுப்பு சிவப்புக்குள் ஒளிந்துகொண்டது. பிறகு அதுவே ஆபீஸ் வழக்கமாகிவிட்டது. இந்தக் கைகளைப் பார்த்தால் அதிகாரி ஆபீசை அடைத்துவிடுவார், அடைத்தால் கஞ்சிக்கு எங்கே போவது என்ற பயம். முதலாளியும் ஆய்வு என்றால் மைலாஞ்சிக் கோன் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுப்பார். கையுறை கேட்டால் மட்டும் காது கேட்காது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் வாசலில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. விரலை வைத்தால் ‘தேங்க் யூ’ என்று ஒரு பெண் குரல் சொல்லும், அன்றைய வருகை பதிவாகும். தோல் உரிக்கிறவர்களுக்குச் சொன்னது, தரம் பிரிக்கிறவர்களுக்குச் சொன்னது. உடைக்கிறவர்களுக்கு மட்டும் ‘ட்ரை அகெய்ன்’. ரேகையை எண்ணெய் தின்றுவிட்டால் மெஷின் என்ன செய்யும்? மேஸ்திரி வினோஜ் அவர்கள் வருகையை மட்டும் தினமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். “எல்லாம் சரியாவும்” என்றான்.

எங்கே சரியானது? போன மழைக்காலத்தில் டெல்சியின் வலது பெருவிரல் வெடித்துச் சீழ் வைத்தது. இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். பெயர் இருக்கிறது, இரண்டு வருடமாக வேலை பார்த்த நாள் ஒன்றுகூட இல்லை, அதனால் வைத்தியமும் கிடையாது. மெஷினில் விழாத நாளை ஆபீசிலிருந்து அங்கே அனுப்பவே இல்லை. பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். “மூணு மாசம் இந்த எண்ணெய் படக்கூடாது. பட்டா விரலை எடுக்க வேண்டி வரும்” என்றார் டாக்டர். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவது? துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் உடைக்கப் போனாள். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

நவம்பரில் ஒரு நாள், மறுநாள் ஆய்வு என்று செய்தி வந்தது. சாயங்காலம் வினோஜ் கோன் பெட்டியோடு வந்து நின்றான். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். டெல்சி வாங்கவில்லை.

“ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?” என்றாள் பக்கத்துக் கல்லில் உடைக்கும் ஜாஸ்மி. “நீதானே எங்களுக்குச் சொல்லித் தந்த? இப்போ ஆபீசை அடைச்சா எனக்க பிள்ளைய பட்டினி கிடக்கணுமா?”

“சொல்லித் தந்தது தப்பு மக்கா. வெரலு போச்சுன்னா எனக்கு ஆபீசு தன்னால அடைஞ்சிரும்லா?”

ஜாஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெல்சியோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவள்.

மறுநாள் வந்த அதிகாரி ஆதிரா சின்ன வயதுக்காரி. வரிசையாகச் சிவந்திருந்த கைகளைப் பார்த்து, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டாள்.

“திருவிழா மேடம்” என்று முந்திக்கொண்டான் வினோஜ்.

ஆதிராவின் கண் டெல்சியிடம் வந்து நின்றது. “நீங்க போடலையா அக்கா?”

டெல்சி எழுந்தாள். விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். “திருவிழா ஒண்ணும் இல்ல மேடம். எல்லாருக்க கையும் இதுபோலத்தான். மறைக்கதுக்குத்தான் மைலாஞ்சி. ஆபீசை அடைச்சிராதீங்க. எங்களுக்குக் கையும் வேணும், வேலையும் வேணும்.”

“அவியளுக்கு மட்டும் அலர்ஜி மேடம்” என்றான் வினோஜ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான்.

“எனக்கு மட்டுமா? அப்போ மெஷின்கிட்டயே கேப்போம்” என்றாள் டெல்சி. விறுவிறுவென்று வாசலுக்குப் போய் நல்ல விரலாகப் பார்த்து இடது பெருவிரலை வைத்தாள். ‘ட்ரை அகெய்ன்.’

பிறகு ஜாஸ்மி எழுந்து வந்தாள். டெல்சியைப் பார்க்காமலே தன் சிவந்த விரலை வைத்தாள். ‘ட்ரை அகெய்ன்.’ அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பத்தாவது ஆள் வரும்போது யாரோ களுக்கென்று சிரித்தார்கள்; பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினெட்டு முறையும் மெஷின் அதையேதான் சொன்னது. ஆதிரா சிரிக்கவில்லை, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் அடைபடவில்லை. கையுறை கொடு, புகை போக விசிறி வை, நோட்டில் உள்ள நாட்களை எல்லாம் இ.எஸ்.ஐ.யில் பதி, புண் ஆறும்வரை எண்ணெய் படாத வேலை கொடு என்று உத்தரவு வந்தது. முதலாளி குதியோ குதியென்று குதித்தார். இரண்டாம் ஆய்வுக்குத் தேதி வந்ததும் அடங்கினார். முதலில் வந்த கையுறை தடிமனாக இருந்து கொட்டை வழுக்கியதால், ஜாஸ்மி அதைக் கழற்றி மேஸ்திரியின் காலடியிலேயே வீசினாள். மெலிசாக வேறு வாங்க வேண்டியதாயிற்று.

டெல்சி தரம் பிரிக்கும் மேசைக்குப் போனாள். இ.எஸ்.ஐ. மருந்தில் புண் ஆறிப் புதுத்தோல் வந்தது; அந்த ரேகையை மெஷினில் புதிதாகப் பதிந்தும் வைத்தார்கள். ஈஸ்டர் கழிந்து ஒரு காலையில், பழக்கதோஷத்தில் மெஷினைத் தாண்டி நோட்டுக்குப் போனவளின் தோளைப் பிடித்து ஜாஸ்மி நிறுத்தினாள். “சும்மா வச்சுப் பாரு பிள்ளே.”

டெல்சி வலது பெருவிரலை வைத்தாள்.

‘தேங்க் யூ.’

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “இருபத்திரண்டு வருசமா இங்க ஒருத்தரும் சொல்லாததை நீ சொல்லிட்டியே, எனக்க பொன்னே” என்று மெஷினைத் தடவிக் கொடுத்தாள். நேரமாகிறது என்று வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.