முன்வரிசைப் போஞ்சி

எழுபத்து நாலாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, பூனாகலைப் பக்கம் இருக்கும் எங்கள் வெண்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நின்ற சனத்தைப் பார்த்துத் தொரை ஒரு பேச்சுப் பேசினார். கொழுந்து குறைவு, ஆகவே இனி வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்பது பேச்சின் முதல் பாதி. மாவும் அரிசியும் கடையில் கிடைப்பதில்லை, ஆகவே மிச்ச நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் தான் இருக்கும் லயத்து வரிசைவீட்டுக்குப் பின்னால் மரக்கறி போட்டுச் சுகமாக வாழ வேண்டும் என்பது இரண்டாவது பாதி. இதைத் தமிழில் எடுத்துச் சொன்ன பெரிய கிளாக்கருக்கு, தன் பாட்டன் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோலக் குரல் தழுதழுத்தது.

லயத்துக்குப் பின்னால் இருந்த நிலம் நாலு பாய் விரிக்கும் அகலம். அதில் பாதி கல். மீதியின் ஓரத்தில் பதினாறு வீட்டு அழுக்குத் தண்ணீரும் ஓடும் கான். சனம் பேச்சைக் கேட்டது, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தப் பேச்சை நம்பினார். அவர் தம்பையா.

தம்பையா ஸ்டோர் என்கிற தோட்டத்து ஆலையில் தேயிலை காயவைக்கும் மெசினுக்கு விறகு போடுகிறவர். வயது நாற்பத்திரண்டு. இருபது வருஷம் அடுப்பு முன்னால் நின்றதில் புருவம் பாதி கருகி, முகத்துக்கு எப்போதும் ஏதோ ஆச்சரியப்படுகிற தோற்றம் வந்திருந்தது. லயத்தில் பேப்பர் வாசிக்கிறவர் அவர் ஒருவரே. பேப்பர் மூன்று நாள் பழசாக இருக்கும். அவர் சொல்லும் விதத்தில் அது நாளை வரப்போகிற சேதியாகிவிடும். மண்வெட்டி பிடித்து அவரை யாரும் கண்டதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பண்டாரவளைக்கு விதை வாங்கப் போனார்.

இத்ரூஸ் முதலாளியின் கடையில் விதைப் பைகள் மிளகாய் மூட்டைக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவில் இருந்தன. தம்பையா ஒவ்வொரு பையிலும் கை விட்டு அளைந்து பார்த்தார்.

"வெதை நல்ல சாதியா மொதலாளி?"

"வெலிமடையில இருந்து வந்த போஞ்சி. மொளைச்சா அல்லாட கிருபை. மொளைக்காட்டி அதைத் திருப்பிக்கொண்டு இங்க வரப்படாது."

"மண்ணுல ஒரு சக்தி இருக்குங்க. அத எழுப்பத் தெரியணும்."

"எழுப்புங்க தம்பி, எழுப்புங்க. முதல்ல கையை எடுங்க, வெதை கீழ சிந்துது."

மண்ணை எழுப்பும் வேலை இப்படி நடந்தது. தம்பையா கயிறு பிடித்துப் பாத்திக்குக் கோடு போட்டார். அவர் மனைவி ரெங்கம்மா கல் பொறுக்கினாள், கொத்தினாள், மாட்டுப் பட்டியிலிருந்து சாணி சுமந்தாள். பதினாறு வயது மகள் தனலெட்சுமி காட்டில் கம்பு வெட்டிக் கொண்டுவந்து நட்டாள். சின்னவள் பேச்சாயிக்கு ஆறு வயது. அவள் கோழி விரட்டினாள். தம்பையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேல் ரோட்டில் நின்று, "கம்பு கொஞ்சம் சாஞ்சிருக்கு", "சாணி இன்னும் காயல" என்று அபிப்பிராயம் சொன்னார். தோட்டத்துக்கு ஏற்கனவே ஒரு தொரை இருந்தார். இப்போது லயத்துக்குப் பின்னால் இன்னொருவர்.

"ஒரு வாளி தண்ணி தூக்கிட்டு வாங்களேன்" என்று ரெங்கம்மா ஒருநாள் கேட்டாள்.

"நான் தண்ணிக்குப் போயிட்டா இங்க யாரு பாக்கிறது?" என்றார் அவர். வாளியை எடுத்துக்கொண்டு அவளே தண்ணீர் விழும் பீலிக்குப் போனாள்.

சித்திரை மழை யாரிடமும் பெருமை பேசாமல் தன் வேலையைச் செய்தது. வைகாசி பிறந்தபோது நாலு வரிசைப் போஞ்சியும் ஆள் உயரத்துக்கு ஏறிப் பூத்துக் காய்த்துவிட்டது. லயத்துச் சனம் வந்து பார்த்து வாய் பிளந்தது. தம்பையா அவர்களுக்கு மண்ணின் சக்தியைப் பற்றிச் சொன்னார். முதல் காய் பறிக்கிற பதமாக வந்த அன்று, ரெங்கம்மா முந்தானையை விரித்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

அன்றைக்கென்று பார்த்துத்தான் கிளாக்கர் புதுச் செய்தி சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் கொழும்பிலிருந்து விசிட்டிங் தொரை வருகிறார். அவர் வீட்டுத்தோட்டங்களைப் பார்வையிட்டு, சிறந்ததுக்குப் பரிசு கொடுப்பார்.

"கைய எடு!" என்று மேல் ரோட்டிலிருந்து தம்பையா கத்தினார். "ஒரு காய் தொடக் கூடாது. மூணு வாரம்."

"காய் முத்திப் போயிருங்க."

"முத்தட்டும். விசிட்டிங் தொரை வந்து மொட்டக் கொடியவா பாக்கிறது?"

"வீட்டுல மாவு இல்ல. புள்ளைங்க நேத்துல இருந்து மரவள்ளிக் கெழங்குதான் தின்னுதுங்க."

"நாட்டுக்கே கஷ்டம். நாம கொஞ்சம் தியாகம் பண்ணணும்."

தியாகத்தைப் பற்றிப் பேப்பரில் நிறைய எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள். தம்பையாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சொன்னபடி நடந்தார். காலை நாலரைக்கு ஸ்டோருக்குப் போகும்போது வெறும் தேயிலைச் சாயம். மாலை வந்ததும் அவித்த கிழங்கு, அதுவும் தன் பங்கில் பாதியைப் பேச்சாயியின் தட்டில் போட்டுவிடுவார். பிறகு மேல் ரோட்டுக்குப் போய், கார் நிற்கும் இடம் என்று தான் தீர்மானித்த இடத்தில் நின்று, ரோட்டுப் பக்கம் இருந்த முன்வரிசையைப் பார்ப்பார். பச்சைத் திரைபோலக் காய் தொங்கும். மனசு நிறையும். வயிறு நிறையாததுதான் குறை. மூன்று வாரத்தில் மனிதருக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்ட வேண்டியிருந்தது.

பிள்ளைகள் மட்டும் நல்ல தெம்பாகத் திரிந்தன. தனலெட்சுமியின் கன்னத்தில் மினுமினுப்பு. பேச்சாயி கோழியைவிட வேகமாக ஓடினாள். பக்கத்து வீட்டுச் சின்னராசாவின் மனைவி அங்கம்மாவுக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள்தான். அவளும் எழுந்து நடமாடினாள். "மரவள்ளிக் கிழங்குல இவ்வளவு சத்து இருக்கிறத யாருமே எழுதல" என்று தம்பையா ஸ்டோரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசிக் கடைசியில் காற்று திரும்பியது. எங்கள் பக்கத்தில் அது மழை கொண்டுவராத காற்று. இலையைச் சுருட்டும், தகரத்தைத் தூக்கும், பீலித் தண்ணீரை விரல் பருமனுக்குக் கொண்டுவரும். விசிட்டிங் தொரை வரவிருந்த அன்று விடிகிற நேரத்தில் பெரிதாக ஒரு வீச்சு வீசி, முன்வரிசைக் கம்புகளைக் கொடியோடு சேர்த்துச் சாய்த்துவிட்டது.

அன்று ஆண்களுக்கு வேலை இல்லை. அந்த வருஷத்தில் அது புதினமும் இல்லை. தலைசீவி, சட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்த தம்பையா அப்படியே நின்றார். சாய்ந்த முன்வரிசைக்குப் பின்னால் மற்ற மூன்று வரிசையும் தெரிந்தன. அவற்றில் இலை இருந்தது, கொடி இருந்தது. காய் ஒன்றுகூட இல்லை. கிள்ளிய காம்புகள் வரிசை வரிசையாக அவரைப் பார்த்தன. கான் நாறுகிறதென்று மூன்று வாரமாக அவர் பின்பக்கம் போனதே இல்லை.

"களவு!" என்ற அவர் சத்தத்தில் பதினாறு வீடும் வெளியே வந்தது.

தம்பையா விசாரணையை உடனே தொடங்கினார். கான் ஓரமாக நடந்தார். சின்னராசாவின் வாசலுக்கு நேரே, கானில் போஞ்சி நாரும் நுனியும் ஒதுங்கிக் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"டேய் சின்னராசா! உங்கூடத்தானே இத்தன வருஷம் ஒரே அடுப்புல வேல செஞ்சேன்! எம் புள்ளைங்க வாயக் கட்டி வளத்ததயாடா திருடித் தின்ன?"

சின்னராசா தோளில் குழந்தையோடு நின்றான். முகம் கறுத்துவிட்டது. "அண்ணே, நான் திருடல" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் யாரைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் தம்பையா, கங்காணியைக் கூப்பிடு, பொலிசைக் கூப்பிடு என்று குதித்தார். கூட்டத்தில் யாரோ அவனைப் பார்த்து முணுமுணுத்தார்கள். உள்ளே அங்கம்மா அழுகிற சத்தம் கேட்டது.

ரெங்கம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் பறிச்சேன்."

தம்பையாவின் கருகிய புருவம் இன்னும் மேலே போனது.

"நீயா?"

"ஆமா. நீங்க ஸ்டோருக்குப் போற நாளெல்லாம் பறிச்சேன். மத்தியானம் ஆக்கிப் புள்ளைங்களுக்குக் குடுத்தேன், நானும் தின்னேன். பால் இல்லாம அந்தப் புள்ள கத்துச்சு, அங்கம்மாவுக்கும் குடுத்தேன். ரோட்டுல நின்னு பாக்கிறது ஒங்க கண்ணு. அதுக்கு ஒரு வரிசைய விட்டு வச்சேன்."

"அப்பாவுக்குச் சொன்னா அடின்னு அம்மா சொன்னுச்சு" என்று பேச்சாயி கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தாள்.

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு லயமே சிரித்தது. இந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் கார் வந்து நின்றது.

விசிட்டிங் தொரை காரை விட்டு இறங்கவில்லை. காற்று பலமாக இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, சாய்ந்து கிடந்த கம்புகளையும் மொட்டைக் கொடிகளையும் பார்த்து, இங்கே காயெல்லாம் என்ன ஆயிற்று என்று இங்கிலீசில் கேட்டார். கூடவே வந்து இறங்கிய பெரிய கிளாக்கர் அதைத் தமிழில் கேட்டார்.

"தின்னுட்டோங்க ஐயா" என்றாள் ரெங்கம்மா. "பசிங்க."

பெரிய கிளாக்கர் ஒரு கணம் யோசித்தார். பிறகு கார்ப்பக்கம் குனிந்து, எல்லாம் பூச்சி தின்றுவிட்டது என்று இங்கிலீசில் சொன்னார். விசிட்டிங் தொரை மிகவும் வருத்தப்பட்டார். கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். கண்ணாடி ஏறியது, கார் போனது.

முதல் பரிசு பெரிய கிளாக்கர் பங்களாவின் வீட்டுத்தோட்டத்துக்குக் கிடைத்தது. அங்கே இரண்டு ஆட்கள் தோட்டக் கணக்கில் பேர் போட்டு வேலை செய்தார்கள், தேயிலைக்கு வந்த உரம் கோவாப் பாத்திக்குப் போனது. பரிசு ஒரு புது மண்வெட்டி. கிளாக்கர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மண்வெட்டி அவரால் எந்தச் சிரமத்துக்கும் ஆளாகியிருக்காது.

தம்பையா அன்று பகல் முழுக்கத் தன் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரெங்கம்மா கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்ததும் அவரே எழுந்து வந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். விட்டிருக்க மாட்டார் என்று அவருக்கே தெரிந்தது. "ஊரு சிரிச்சது கூடப் பரவால்ல" என்றார் மெதுவாக. "அந்தப் பயலக் களவாளின்னு சொல்லிட்டேன். புள்ளையத் தூக்கிட்டு நின்னான்."

"அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

அவர் சாய்ந்து கிடந்த முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். தன் கையால் ஒவ்வொரு காயாகப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனார். சின்னராசா விறகு பிளந்துகொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பி. வாய் தப்பிருச்சு."

கோடாலி இரண்டு தரம் இறங்கியது.

"எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க அண்ணே."

"நாளைக்குப் பெரட்டுல எல்லாரு முன்னாடியும் நாந்தான் தப்புன்னு சொல்றேன்."

மறுநாள் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான். சின்னராசா தலையை ஆட்டினான். ஆனால் ஸ்டோரில் பழையபடி பேசிச் சிரிக்க அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குத் தம்பையா அவனைக் குறை சொல்லவில்லை.

கொடுத்தது போக மீந்த காயை, பறித்த அன்றைக்கே இரவு ரெங்கம்மா ஆக்கியிருந்தாள். தம்பையா அந்த வருஷம் சாப்பிட்ட முதல் போஞ்சி அதுதான். மூன்று வாரம் முத்தித் தொங்கிய காய். நார் கயிறாகவும் விதை கல்லாகவும் இருந்தது. அவர் வெகுநேரம் மென்றார்.

"நல்லாருக்கு" என்றார். இளங்காயாகப் பார்த்துத் தின்றிருந்த மற்ற மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாயி மட்டும் வாயைத் திறந்தாள். தனலெட்சுமி அதில் ஒரு துண்டுக் கிழங்கை வைத்து அடைத்தாள்.

ஆனி மாதம் கொழும்பிலிருந்து லொறியில் உதவி வந்தது. அரிசி இல்லை, மாவும் இல்லை. வீட்டுக்கு ஒரு டின் பூச்சி மருந்துத் தூள். லயத்தில் அப்போது பச்சையாக நின்றது எதுவும் இல்லை, காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிட்டது. ஆனால் சுவர் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருந்தது, அதுவும் தலைமுறை தலைமுறையாக. சனம் பாய், படுக்கையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு கூடியது.

தம்பையா டின்னில் ஒட்டியிருந்த தாளை வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "இந்தப் பூச்சியப் பத்தி மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது வந்து..."

"மூக்கக் கட்டுங்க" என்று ரெங்கம்மா ஒரு துணியை நீட்டினாள். அவர் கட்டிக்கொண்டதும் டின்னை அவர் கையில் வைத்தாள். "சின்னராசா வீட்டுச் செவத்துல இருந்து ஆரம்பிங்க. கைப்புள்ள இருக்கிற வீடு, தள்ளித் தூவுங்க."

துணிக்குள் அவர் ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. பிறகு குனிந்து தூவத் தொடங்கினார்.